பெரிய மலை என்று பெயர் வைத்துக்கொண்டவர்



இந்த மாதச் சுவர் இதழில் மறைந்த விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி எழுதும்படி தமிழய்யா என்னிடம் சார்ட் அட்டையைக் கொடுத்தார். அவர் சொன்னதை இவர் சொன்னதை எடுத்துப் போட்டு இடத்தை நிரப்பக் கூடாது, நீயே புரிந்துகொண்டு எழுது என்றும் சொல்லிவிட்டார். அதனால் இதில் பொன்மொழி எதுவும் கிடையாது. எழுத்து போகப் போகச் சின்னதாகிவிட்டால் மன்னிக்கவும். விஷயம் நிறைய, அட்டை ஒன்றுதான்!

கராத்தே என்றால் நம்ம வகுப்பில் முக்கால்வாசிப் பேர் புரூஸ்லீ என்பீர்கள். புரூஸ்லீ பழகியது கராத்தே அல்ல, சீனாவின் குங்ஃபூ. நான் எழுதப் போவது மசுதாட்சு ஓயாமா என்பவரைப் பற்றி. சுருக்கமாக மாஸ் ஓயாமா. நான் ஞாயிற்றுக்கிழமை கராத்தே பழகப் போகும் அரியலூர் மண்டபத்து மாடியில் அவர் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. தடித்த கழுத்து, வெள்ளை உடை, சிரிக்காத முகம். மூன்று வருடமாக வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் அந்தப் படத்துக்குக் குனிந்து வணக்கம் வைத்திருக்கிறேன். அவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த வருடம் எனக்கு நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம்தான் தேடிப் படித்தேன். அந்த விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் ஜப்பான்காரர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. 1923 ஜூலை 27-ல் கொரியாவில் கிம்ஜே என்ற ஊரில் பிறந்தவர். கிம்ஜே நெல் விளையும் ஊர். பெற்றோர் வைத்த பெயர் சோய் யோங்-உய். 1910-லேயே ஜப்பான் கொரியாவைப் பிடித்துவிட்டது. நம்மை வெள்ளைக்காரன் ஆண்ட மாதிரி அவர்களை ஜப்பான் ஆண்டது. சின்ன வயதில் அவரை மஞ்சூரியாவில் அக்கா வீட்டுப் பண்ணைக்கு அனுப்பினார்கள். அங்கே கூலி வேலைக்கு வந்த ஒருவர்தான் அவருக்குச் சண்டைக் கலையை முதலில் கற்றுக்கொடுத்தவராம். அந்தக் கூலிக்காரர் ஒரு விதையைக் கொடுத்து நடச் சொல்லி, செடி முளைத்ததிலிருந்து தினமும் அதை நூறு தடவை தாண்டச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. செடி வளர வளரத் தாண்டுகிற உயரமும் கூடுமில்லையா? நானும் எங்கள் மக்காச்சோளக் கொல்லையில் செய்து பார்த்தேன். ஒரு மாதம் வரை சரி. அப்புறம் சோளம் ஜெயித்துவிட்டது.

1938-ல், நாம் பத்தாவது படிக்கிற வயதில், அவர் ஜப்பானுக்குப் போனார். விமானம் ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை. விமானப் பள்ளியில் சேர்ந்தார். பக்கத்திலேயே கராத்தேயும் பழகினார். கராத்தே அப்போது ஜப்பான் தலைநகருக்கே புதுசு. அது ஒகினாவா என்ற தீவின் கலை. 1922-ல் கிச்சின் ஃபுனகோஷி என்பவர்தான் அதை டோக்கியோவுக்குக் கொண்டு வந்தார். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! (ஆசிரியர்கள் கவனிக்கவும்.) ஃபுனகோஷியின் ஷோட்டோகான் பிரிவில்தான் ஓயாமா முதலில் பழகினார். அப்புறம் கோஜு ரியூ என்ற இன்னொரு பிரிவுக்குப் போனார். அங்கே அவருக்குக் குருவாக அமைந்த சோ நெய் சூ என்பவரும் கொரியாக்காரர்தான்.

1945-ல் போர் முடிந்தது. ஜப்பான் தோற்றது, கொரியா விடுதலை ஆனது. ஜப்பானில் தங்கிவிட்ட கொரியாக்காரர்களுக்கு அது சங்கடமான காலம். எங்கேயும் சொந்தம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் சோ நெய் சூ அவரை மலைக்குப் போய்ப் பயிற்சி செய்யச் சொன்னார்.

மினோபு என்ற மலை. மியாமோட்டோ முசாஷி என்ற பழைய காலத்து வாள் வீரரைப் பற்றிய நாவலைப் படித்துவிட்டு, அதே மாதிரி இருக்க வேண்டும் என்று போனார். கூட ஒரு மாணவரும் போனார். விடிகாலை ஓட்டம், மரத்தில் குத்து, அருவியில் நிற்பது, கல்லை உடைப்பது. ஆறு மாதத்தில் கூட வந்தவர் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிப் போய்விட்டார். தனியாகிவிட்டதும் ஓயாமாவுக்கும் ஊருக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியதாம். அப்போது அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பக்கப் புருவத்தை மட்டும் மழித்துக்கொண்டார். அந்தக் கோலத்தோடு ஊருக்குள் இறங்க முடியுமா? முடி வளரும் வரை மலைதான். நம் பச்சைமலையில் ஒரு ராத்திரி தனியாகத் தங்குங்கள் பார்ப்போம். அதுவும் ஒற்றைப் புருவத்தோடு!

ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டதால் இறங்கினார். 1947-ல் கியோட்டோவில் நடந்த கராத்தே போட்டியில் வென்று சாம்பியன் ஆனார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் சொல்கின்றன. அதற்கப்புறமும் மனசு அடங்காமல் கியோசுமி என்ற மலைக்குப் போய் மறுபடியும் தங்கினார். அவர் வைத்துக்கொண்ட ஓயாமா என்ற பெயருக்கே பெரிய மலை என்றுதான் அர்த்தம்.

1952-ல் அமெரிக்கா போனார். மல்யுத்தக் காட்சிகள் நடக்கும் அரங்குகளில் இடைவேளை மாதிரி ஏறி, செங்கல்லைக் கையால் உடைப்பது, பாட்டிலின் கழுத்தைக் கைவிளிம்பால் வெட்டுவது என்று செய்து காட்டினார். பாட்டில் விழாமல் கழுத்து மட்டும் பறக்குமாம். சவால் விட்டவர்களோடு மோதவும் செய்தார். கராத்தே என்ற வார்த்தையையே அதற்கு முன் கேட்டிராத ஜனங்கள் அவர்கள்.

இனி காளை மாட்டு விஷயம். நம்ம ஊர்க்காரர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள் என்று தெரியும்.

ஓயாமா வெறுங்கையோடு 52 காளைகளோடு சண்டை போட்டார், மூன்று அங்கேயே செத்தன, 49-க்குக் கொம்பை உடைத்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்கள் வகுப்பிலும் முதல் நாளே இதைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். அவர் மாட்டோடு மோதுகிற பழைய கறுப்பு வெள்ளைப் படத்துண்டு ஒன்றும் இருக்கிறது. அதை எங்கள் பெரியப்பாவிடம் செல்போனில் காட்டினேன். பெரியப்பா ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர். அவருடைய காளை வாடிவாசலில் இரண்டு தடவை பிடிபடாமல் வந்து சில்வர் குடம் வாங்கியிருக்கிறது.

பெரியப்பா மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது வாடி மாடு இல்லை, பாயலை பாரு, சும்மா தள்ளுது, இது உழவு மாடு மாதிரி சாதுவா இருக்கு என்றார். அப்புறம் கோபம் வந்துவிட்டது. கொம்புக்குள்ள ரத்தம் ஓடுது, உயிர் இருக்கு, அதை உடைக்கிறது என்ன வீரம், நம்ம ஊர்ல திமிலைத் தவிர வேற எதையும் தொடக்கூடாது, கொம்பைப் பிடிச்சா களத்தை விட்டே ஏத்திருவாங்க என்றார். நான் போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம் அழுகையாகக்கூட இருந்தது. மூன்று வருடம் கும்பிட்ட படம் அல்லவா.

அப்புறம் படித்ததில் தெரிந்தது, பெரியப்பா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அது அவ்வளவு பெரிய சண்டை ஒன்றும் இல்லை என்று ஓயாமாவின் பழைய மாணவர்களிலேயே சிலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். படம் எடுத்தது உண்மை. 52 என்ற கணக்குக்கு அவர் தரப்பு பேச்சைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவர் ஆரம்பித்த கராத்தே பிரிவின் பெயர் கியோகுஷின். அதற்கு அறுதியான உண்மை என்று பொருள். உண்மை என்று பெயர் வைத்தவர் ஏன் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்? நான் யோசித்துப் பார்த்தேன். கொரியாவிலிருந்து வந்தவர், பணம் இல்லை. கூட்டம் சேர வேண்டுமென்றால் கதை வேண்டும். அதற்காகச் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதையை மட்டும் வைத்து யாரும் நாற்பது வருடம் ஓட்ட முடியாது. அடுத்து அவர் செய்ததுதான் உண்மையிலேயே பெரிசு என்பது என் அபிப்பிராயம்.

1953-ல் டோக்கியோவில் மெஜிரோ என்ற இடத்தில் பயிற்சிக்கூடம் ஆரம்பித்தார். கூடம் என்றால் கட்டடம் இல்லை. காலி மனை, புல் தரை, அவ்வளவுதான்! 1956-ல் ரிக்கியோ பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் பழைய நடனப் பள்ளி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். அங்கே பயிற்சி அவ்வளவு கடுமை. சேர்கிறவர்களில் பாதிக்கு மேல் ஓடிவிடுவார்கள். அப்படியும் ஒரு வருடத்தில் சுமார் 700 பேர் இருந்தார்கள். மற்ற பிரிவுகளில் ஏற்கெனவே கறுப்பு பெல்ட் வாங்கியவர்களும் இங்கே வந்து அடி வாங்கிக் கற்றுக்கொண்டார்கள்.

அடி வாங்கி என்று சும்மா எழுதவில்லை. இதை விளக்க வேண்டும். அந்தக் காலத்துக் கராத்தே போட்டியில் குத்து எதிராளியின் உடம்பைத் தொடுவதற்கு ஒரு விரல்கடை முன்னால் நிற்க வேண்டும். நடுவர் பார்த்து பாயிண்ட் கொடுப்பார். ஓயாமா அதை ஒத்துக்கொள்ளவில்லை. படாத அடியை அடி என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கட்சி. அவருடைய முறையில் கையுறை கிடையாது, மார்புக் கவசம் கிடையாது, நிஜமாகவே அடிக்க வேண்டும். வெறும் முஷ்டி என்பதால் கையால் முகத்தில் குத்தக் கூடாது. ஆனால் காலால் தலைக்கு உதைக்கலாம். எதிராளி விழுந்தால் வெற்றி.

நூறு பேர் சண்டை என்று ஒன்றும் வைத்தார். ஒருவர் ஒரே மூச்சில் நூறு பேரோடு ஒருவர் பின் ஒருவராக மோத வேண்டும். 1965-ல் ஸ்டீவ் ஆர்னீல் என்பவர் அதை முடித்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஜப்பானில் போய்க் கற்றவர். இன்று வரை அதை முடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு மோதினாலே திங்கள்கிழமை மாடிப்படி ஏற முடியாது. சிலர் ஆஸ்பத்திரிக்கே போவார்களாம்.

1964-ல் டோக்கியோவில் தலைமையகம் கட்டி, சர்வதேச கராத்தே அமைப்பைத் தொடங்கினார். அன்றிலிருந்து அவர் வெறும் வீரர் அல்ல, தலைவர். வெளிநாடுகளில் கிளைகள் வைத்தார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கிளைத் தலைவர், அவருக்குச் சான்றிதழ், பெல்ட் டெஸ்டுக்கு ஒரே பாடத்திட்டம், எல்லாவற்றுக்கும் மேலே டோக்கியோ. நம்ம ஊர் ஹாஸ்டல் மாதிரி ஒரு விடுதியும் இருந்தது. அதில் சேர்கிற மாணவர்கள் ஆயிரம் நாள் அங்கேயே தங்கி, கூட்டிப் பெருக்கி, சமைத்து, காலை மாலை பழகி, முடித்ததும் பயிற்சியாளராக வெளியே வருவார்கள். ஹாஸ்டல் மாணவிகள் குறை சொல்வதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்!

1969-ல் முதல் அகில ஜப்பான் போட்டி. எந்தப் பிரிவுக்காரரும் வரலாம் என்று திறந்து விட்டார். தெருதொமோ யமாசாகி வென்றார். 1975-ல் முதல் உலகப் போட்டி டோக்கியோவில் நடந்தது. கத்சுவாகி சாட்டோ வென்றார். அதற்குள் ஓயாமாவின் கதை படக்கதையாகத் தொடர்ந்து வந்து ஜப்பான் பையன்களை எல்லாம் பைத்தியமாக அடித்துவிட்டது. சினிமாவும் வந்தது. மலை, புருவம், காளை எல்லாம் அதில் இன்னும் இரண்டு மடங்காகியிருக்கும் என்று நினைக்கிறேன். அமைப்பில் ஒரு கோடிக்கும் மேல் பேர் பழகியிருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அதில் பாதி என்றாலும் ஒரு காலி மனையில் ஆரம்பித்தது அல்லவா?

ஆனால் அமைப்பு பெரிசானதும் சிக்கலும் வந்தது. நல்ல மாணவர்களே ஒவ்வொருவராகப் பிரிந்து போனார்கள். ஹிதேயுகி அஷிஹாரா 1980-ல் தனிப் பிரிவு தொடங்கினார். தகாஷி அசுமா 1981-ல் தொடங்கிய பிரிவுதான் பின்னால் கூடோ என்ற விளையாட்டு ஆனது. நூறு பேரோடு மோதிய ஸ்டீவ் ஆர்னீல்கூட 1991-ல் விலகித் தனி அமைப்பு வைத்தார். ஒரே ஆள் எல்லா முடிவையும் எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது. மரத்தைக் குத்தத் தெரிந்தவருக்கு மனிதரைப் பிடித்து வைக்கத் தெரியவில்லையோ என்னவோ.

1994 ஏப்ரல் 26-ல் ஓயாமா நுரையீரல் புற்றுநோயால் டோக்கியோவில் இறந்தார். வயது 70. கடைசி நாட்களில் மருத்துவமனையில் ஓர் உயில் எழுதப்பட்டது. அடுத்த தலைவர் அகியோஷி மாட்சுயி என்று அதில் இருந்தது. மாட்சுயி 1987 உலகப் போட்டியின் சாம்பியன், நூறு பேர் சண்டையையும் முடித்தவர். ஆனால் ஓயாமாவின் குடும்பம் உயிலை ஏற்கவில்லை. வழக்கு நடந்தது. உயில் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குள் கிளைத் தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். எல்லாரும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள், அதே எழுத்தை மார்பில் போட்டுக்கொண்டார்கள், அதே படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். எது எது என்று தெரியாமல் வெளியே இருப்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுத்தான் அழைக்கிறார்கள்! 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே வந்ததே, அது இவர்கள் முறை இல்லை, பாயிண்ட் முறை.

இப்போது என் விஷயம். நம்ம பள்ளியில் மாணவிகளுக்கு மூன்று மாதம் தற்காப்புப் பயிற்சி நடந்தபோதுதான் நான் கராத்தே ஆரம்பித்தேன். அது முடிந்ததும் அம்மாவிடம் அழுது அடம் பிடித்து அரியலூர் வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிறு காலை ஆறரை பஸ். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நாலு பெல்ட். ஒவ்வொரு டெஸ்டுக்கும் அம்மா வெங்காயம் அறுக்கப் போன கூலியில் ஃபீஸ் கட்டினார்.

இந்த வருடம் ஒரு போட்டிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறு பேர் போனோம். பெயர் பதிகிற மேஜையில் இருந்தவர் என் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்க சங்கத்து சீல் இல்லை, இந்தப் பச்சை பெல்ட் செல்லாது என்று சொல்லிவிட்டார். ஆறு பேருக்கும் அதே பதில். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார், அவர் டீ மட்டும் குடித்தார். பஸ்ஸில் நான் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. எல்லாரும் ஜெயிச்சியா பாப்பா என்று கேட்டார்கள்.

இந்தக் கட்டுரைக்காக ஓயாமாவைப் பற்றிப் படித்த பிறகுதான் மாஸ்டரிடம் துணிந்து கேட்டேன், சார் நீங்க ஏன் அந்தச் சங்கத்தை விட்டு வந்தீங்க என்று. அவர் ஒரு பாலிதீன் கவரை எடுத்து வந்தார். அதில் அவருடைய கறுப்பு பெல்ட் சான்றிதழ்கள் மூன்று. மூன்றும் வேறு வேறு சங்கம். மூன்றிலும் ஒரே மாதிரி முஷ்டிப் படம். அவருடைய குருவோடு ஒரு கணக்கு விஷயத்தில் சண்டையாம். யார் மேல் தப்பு என்று அவர் சொல்லவில்லை. தன் மேலும் இருக்கலாம் என்ற மாதிரிதான் பேசினார். இப்போது அந்தச் சங்கத்துக்கு வகுப்பு எடுப்பவரும் இவரும் ஒரே நாளில் வெள்ளை பெல்ட் கட்டியவர்களாம். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை.

போட்டியில் விளையாடணும்னு ஆசை இருக்கறவங்க அங்க போய்ச் சேருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன் என்றார் மாஸ்டர். போன வாரம் எங்கள் எதிரிலேயே அவருக்குப் போன் போட்டார். இரண்டு தடவை அடித்து நின்றுவிட்டது. மூன்றாவது தடவை எடுத்தார்கள். மாஸ்டர் மாடி ஓரத்துக்குப் போய்ப் பேசினார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து, ஆறு பேரும் வரலாம், ஆனால் முதலிலிருந்துதான் என்றார்.

இரண்டு பேர் கராத்தேயே வேண்டாம் என்று நின்றுவிட்டார்கள். மூன்று பேர் மாஸ்டரோடே இருக்கிறார்கள். நான் ரொம்ப யோசித்தேன். மாஸ்டரை விட்டுப் போவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டாவது முடிப்பதற்குள் ஒரு போட்டியிலாவது இறங்கிப் பார்க்க வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, அப்ப கட்டுன காசெல்லாம் போச்சா என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் புது பெல்ட் எவ்வளவு என்று கேட்டார்.

வெள்ளை பெல்ட் 120 ரூபாய். வாங்கியாகிவிட்டது. பச்சையை மடித்து பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு. அந்த இடத்திலும் ஓயாமா படம் மாட்டியிருக்கிறதாம், மாஸ்டர் சொன்னார்.